ஒரு துளி உதிரமும் உடனுறு விடையும்

மருந்து கைக்கெட்டும் விலையிற் கிடைக்க, அம்மருந்து யாருக்கு வேண்டும் என்று அறியும் வழி மட்டும் தொலைவில் நிற்பது ஒரு நாட்டிற்கு அழகன்று. கழுத்தின் முன்புறத்தேயுள்ள தைராய்டுச் சுரப்பியைப் பற்றியவரையில் நம் நிலை பெரும்பாலும் இதுவே. அச்சுரப்பியின் குறையை நிரப்பும் தைராக்ஸின் என்னும் பொருளைச் செயற்கையாக ஆக்கும் வழியை ஹாரிங்டன், பார்ஜர் என்னும் இருவரும் 1927-ஆம் ஆண்டிலேயே கண்டுவிட்டனர். இன்று அது சிறு மாத்திரையாய்ச் சிற்றூர் மருந்துக்கடைகளிலும் கிடைக்கின்றது. ஆனால், பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு அம்மாத்திரை வேண்டுமா வேண்டாவா என்பதைக் கண்ணாற் கண்டோ கையால் தொட்டோ உறுதியாய்க் கூறவல்ல வைத்தியர் எவருமிலர். உதிரத்தை அளந்தே கூறவேண்டும். அவ்வளவையைக் கம்பம் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் எவ்வாறு எளிதாக்குவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சுரப்பிகளிலிருந்து நேரே குருதியிற் கலந்து, தொலைவிலுள்ள உறுப்புக்களை ஏவல் கொள்ளும் நுண்பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பெயரை ஸ்டார்லிங் என்னும் ஆங்கில உடலியல் அறிஞர் 1905-இல் வழங்கினார். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் வளர்ந்தோர்க்குச் சோர்வும் உடற்பருமனும் தோன்றும். அவற்றைப் பின்னர்த் தீர்த்துக்கொள்ளலாம். குழந்தையின் நிலை வேறு. அதன் மூளை வளர்வதற்கே அந்த ஹார்மோன் இன்றியமையாதது. குறையோடு பிறந்த குழந்தை முதல் வாரங்களிற் பெரும்பாலும் பிற குழந்தைகளைப் போலவே தோன்றும். மிகுதியாய் உறங்கும், அதிகம் அழாது, ‘சமர்த்துக் குழந்தை’ என்று வீட்டார் மகிழ்தலும் உண்டு. குறை வெளிப்படத் தெரியுங்காலத்தில், மூளை இழந்ததை எம்மருந்தாலும் முழுதும் மீட்க இயலாது. பிறந்து இரண்டு வாரங்களுக்குள் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலிற் கலந்து புகட்டத் தொடங்கினாலோ, அக்குழந்தை ஏனையோரைப் போலவே படித்து வளரும். ஒரு மனிதனது வாழ்வு முழுமையும் அந்த இரண்டு வாரங்களில் தங்கியுளது என்பது மிகையன்று.

இக்குறை அரிதென்று எண்ணி வாளாவிருத்தலும் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முயற்சியால் சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகள் சோதிக்கப்பெற்றனர். 1,130 குழந்தைகளுக்கு ஒன்று வீதம் இக்குறை இருப்பதாக 2018-இல் வெளியான அவ்வாய்வின் முடிவு கூறிற்று. சென்னையின் வீதம் அதனினும் மிகுதி. தேனி மாவட்டத்தின் மக்கட்டொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 12 லட்சத்து 45 ஆயிரத்துக்கு மேற்பட்டது. அத்துணை மக்கள் வாழும் நிலத்தில் ஆண்டுதோறும் இத்தகைய குழந்தைகள் சிலராவது பிறப்பர் என்பதை உணரப் பெருங்கணிதம் வேண்டுவதில்லை.

இக்குழந்தைகளைக் கண்டுபிடிக்க வழி இல்லாமலும் இல்லை. ஹார்மோன்களைக் குருதியில் அளக்கும் நுண்முறையை அமெரிக்காவில் ரோஸலின் யாலோ, ஸாலமன் பெர்ஸன் என்போர் 1959-ஆம் ஆண்டையொட்டி வகுத்தனர். அதற்காக யாலோ அம்மையார் 1977-இல் நோபெல் பரிசு பெற்றார். குழந்தையின் குதிகாலிற் குத்தி எடுத்த சில துளி உதிரத்தை வடிதாளில் உலர்த்தி, அத்தாளிலிருந்தே தைராய்டு நிலையை அளக்கலாம் என்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ழான் தூஸோ 1970-களிற் காட்டினார். அதன்பின் பல நாடுகள் இதனைச் சட்டம்போற் கைக்கொண்டன. நமது மலைக்கு மேற்கேயுள்ள கேரளத்தில் அரசாங்க மருத்துவமனைகளிற் பிறக்கும் குழந்தைகளுக்கு இச்சோதனை திட்டமாகவே நடைபெறுகின்றது. தாளை உறையிலிட்டு அனுப்பினால் தொலைவிலுள்ள ஆய்வுக்கூடம் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சோதித்துவிடும். இம்முறையைக் குறைகூற நாம் எழுந்தோமல்லேம். அது நன்முறையே.

ஆயின், தாள் ஆய்வுக்கூடத்திற்குச் செல்வது பாதி வேலையே. விடை திரும்பி வந்து தாயைச் சேர்வது மறுபாதி. நம் பக்கத்தில் இடர் விளைவது இம்மறுபாதியிலேதான். மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும் சூழ்ந்த இப்பள்ளத்தாக்கின் வாழ்க்கை முறையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். கம்பம், உத்தமபாளையம், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களிலிருந்து பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று அந்தியில் மீள்கின்றனர். சிலர் தோட்டத்து லயங்களிலேயே தங்குகின்றனர். பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். மருத்துவமனைப் பதிவேட்டில் உள்ளது கணவன் வீட்டு முகவரி. பிள்ளை பெற்றவள் இருப்பது வேறோர் ஊர். கொடுத்த தொலைபேசி எண்ணோ அண்ணன் கையிலோ கொழுந்தன் கையிலோ இருக்கும். மலைச்சரிவில் அதுவும் எந்நேரமும் எட்டாது. பத்தாம் நாள் விடை வந்து, ‘மீண்டும் உதிரம் எடுக்கவேண்டும், குழந்தையைக் கொணர்க’ என்று சொல்லச் செவிலியர் தேடிப் புறப்பட்டால், தாயைக் காண்பதற்குள் அந்த இரண்டு வாரங்கள் கழிந்துவிடுதல் கூடும். கம்பத்திலிருந்து கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பச்சை உடம்புக்காரி கைக்குழந்தையோடு இருமுறை சென்றுவருதல் எளிதன்று.

ஆதலின் நாம் வற்புறுத்த விரும்புவது இதுவே: தாயும் சேயும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் படியைவிட்டு இறங்குமுன் விடை அவர்கள் கையில் இருத்தல் வேண்டும். மலிவான சோதனை வேண்டும் என்று பலரும் கூறுவர். மலிவு நன்றே. ஆனால் பத்து ரூபாய்ச் சோதனையின் விடை பத்து நாள் கழித்து வந்து, அதனைப் பெறுவார் இல்லாது போயின், அந்தப் பத்து ரூபாயும் வீண்செலவேயாம். சோதனையின் மதிப்பு அதன் விலையில் மட்டுமன்று. விடை வரும் நேரத்திலும் உளது.

அவ்வாறு உடனுக்குடன் விடை கூறவல்லது யாது? நீரிழிவுக்காரர் வீடுகளிற் பலரும் கண்டிருக்கும் சிறு பட்டையே நமக்கு வழிகாட்டி. விரல் நுனியிற் குத்தி, ஒரு துளியைப் பட்டையில் தொட்டுக் கைக்கருவியிற் செருகினால், சில நொடிகளிற் சர்க்கரையின் அளவு எண்ணாய்த் தோன்றுகிறதன்றோ? அதன் முன்னோடியை 1962-இல் லேலண்ட் கிளார்க், லயன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர்கள் வகுத்தனர். சர்க்கரையோடு மட்டும் வினைபுரியும் ஒரு நொதியை மின்முனையின்மேல் நிறுத்தினர். வினையின் அளவை மின்னோட்டமாக அளந்தனர். 1987-இல் ஒருமுறை பயன்படுத்தி எறியத்தக்க பட்டையும் பேனா வடிவக் கருவியும் விற்பனைக்கு வந்தன. பட்டை செய்யும் முறையில் மருமம் ஏதுமில்லை. கலியாணப் பத்திரிகை அச்சிடுவோர் வலைத்துணியைச் சட்டத்திற் கட்டி மையை வழித்து இழுக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையே அது. மைக்குப் பதிலாகக் கரிக்குழம்பும் வெள்ளிக்குழம்பும் இழுக்கப்படுகின்றன, அவ்வளவே.

அப்படியாயின் ஹார்மோனுக்கும் இதுபோற் பட்டை செய்து ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் வைத்துவிடலாமே எனின், இடையில் ஒரு பெருமலை உளது. ஒரு லிட்டர் உதிரத்திற் சர்க்கரை ஏறக்குறைய 1 கிராம் இருக்கும். தைராய்டைத் தூண்டுவதும், தைராய்டு குன்றும்போது மிகுவதுமான டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனோ, நலமுள்ள வளர்ந்தோரிடத்து ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூட இராது. வைகை அணையில் ஒரு கைப்பிடி உப்பைத் தேடுவது போன்ற வேலை இது. மேலும், சர்க்கரையைப் போல இதனை நேரே வினைக்குட்படுத்தும் நொதியும் இல்லை. ஆகவே, அந்த ஹார்மோனை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை மின்முனையின்மேல் ஒட்டவைக்க வேண்டும். அது பிடித்த ஹார்மோனை மறுபுறம் வந்து பற்றும் இரண்டாம் எதிர்ப்பொருளில் ஒரு நொதியைக் கட்டிவிடவேண்டும். பிடிபடாது மிதக்கும் நொதியைக் கழுவி அகற்றிய பின்னர், எஞ்சிய நொதி தன் உணவாகிய இரசாயனத்தை மாற்றுகையில் எழும் மின்னோட்டமே ஹார்மோனின் அளவைக் கூறும். கேட்பதற்கு எளிது, சிறு பட்டைக்குள் அக்கழுவுதலைச் செய்விப்பதே கடினம்.

கடினமேயன்றி இயலாததன்று. பெரிய ஆய்வுக்கூடங்களில் டி.எஸ்.எச். அளக்கும் யந்திரங்களுள் ஒருவகை, மின்முனையின் தூண்டுதலால் ஒளியை எழுப்பி அளப்பதே. 1996 முதல் அது வழக்கில் உளது. ஐ-ஸ்டாட் என்னும் கைக்கருவி, கருவுற்றோர் உதிரத்தில் தோன்றும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனை, எறியத்தக்க ஒரு சிறு பெட்டகத்திற்குள் இவ்வாறே எதிர்ப்பொருளாற் பிடித்து மின்னோட்டத்தால் அளந்து, ஏறக்குறைய 10 நிமிடத்தில் விடை தருகின்றது. நம் நாட்டில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நவகாந்த பட் முதலியோர் செய்த ஆராய்ச்சியிலிருந்து 2015-இல் பாத்ஷோத் என்னும் நிறுவனம் எழுந்தது. சர்க்கரையேயன்றி, நீரிழிவின் பின்விளைவுகளைக் காட்டும் வேறு பல பொருள்களையும் பட்டைகளைக் கொண்டே அளக்கும் கைக்கருவியை அது வெளியிட்டது. ஆகவே வழி உண்டு என்பது வெளிப்படை. அவ்வழியை எந்த ஊருக்கு, எந்த நோய்க்கு முதலில் திருப்புவது என்பதே வினா.

பிறந்த குழந்தையின் டி.எஸ்.எச். சோதனைக்கே முதலிடம் தரவேண்டும் என்பது நம் கருத்து. அதற்கு இரக்கம் மட்டும் காரணமன்று. இரசாயனக் காரணமும் உண்டு. வளர்ந்தோரிடத்து இந்த ஹார்மோன் லிட்டருக்கு 0.4 முதல் 4 மில்லி-அலகு வரை நிற்பது இயல்பு. அங்கே 3-க்கும் 5-க்கும் உள்ள வேற்றுமையை நுட்பமாய்க் காட்டுங் கருவி வேண்டும். குழந்தைச் சோதனையிலோ 20 மில்லி-அலகு என்பதையே பெரும்பாலும் எல்லையாகக் கொள்கின்றனர். உண்மையிற் குறையுள்ள குழந்தையின் அளவு பலவேளை அவ்வெல்லையைக் கடந்து மிகவும் உயர்ந்திருக்கும். எனவே, பட்டை மிக நுண்ணிய எண்ணைக் கூறவேண்டுவதில்லை. ‘எல்லைக்குள் உளது’, ‘எல்லை கடந்தது’ என்னும் இரண்டிலொன்றைத் தவறாமற் கூறினாற் போதும். கடந்த குழந்தைக்கு மட்டும் நரம்பிலிருந்து உதிரம் எடுத்துப் பெரிய ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்துகொள்ளலாம். முதல் நாளில் இந்த ஹார்மோன் எல்லாக் குழந்தைகளுக்கும் இயல்பாகவே ஏறி நிற்குமாதலின், 48 மணி நேரத்தின் பின் சோதிப்பதே முறை. தாய் வீடு திரும்பும் வேளையும் ஏறக்குறைய அதுவே. வண்டி வருமுன் பட்டை பேசிவிடும். முன்னதாகவே புறப்படும் தாய்மாருக்குத் தொப்புள்கொடி உதிரத்திற் சோதிக்கும் வழக்கமும் உண்டு.

இதற்கு எழக்கூடிய தடைகளை நாம் மறைக்க விரும்பவில்லை. முதலாவது, வெப்பம். எதிர்ப்பொருள்கள் புரதமாதலின் சூட்டிற் கெடும்; ஐ-ஸ்டாட் பெட்டகங்களையும் குளிர்ப்பெட்டியிலேயே வைத்துக் காக்கவேண்டும். சித்திரை வெயிலில் சுமைவண்டியிற் செல்லும் பட்டை என்னாகும்? உலர்த்திப் பதப்படுத்தும் முறைகளும், எதிர்ப்பொருளுக்குப் பதிலாக வெப்பந்தாங்கும் அச்சுவார்ப்புப் பலபடிகளைப் பயன்படுத்தும் முயற்சியும் ஆய்வுக்கூடங்களில் நடைபெறுகின்றன. அவை நம் வெயிலிற் சோதிக்கப்படவேண்டும். இரண்டாவது, பச்சிளங் குழந்தையின் உதிரத்திற் செவ்வணுக்கள் செறிந்திருக்கும். அச்செறிவு மின்னோட்டத்தைப் பிறழச் செய்யும். வளர்ந்தோர் உதிரத்தில் ஒழுங்காய்ப் பேசிய பட்டை குழந்தையின் உதிரத்திற் பொய்கூறல் கூடும். மூன்றாவது, உதிரம் தோய்ந்த பட்டையைக் கண்டவிடத்து எறிதல் தகாது. மருத்துவக் கழிவுகளுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பிரித்து ஒழிக்கவேண்டும். ‘எறியத்தக்கது’ என்னுஞ் சொல் ‘எங்கும் எறியத்தக்கது’ என்று பொருள்படாது.

யாவற்றினும் பெரிய தடை, அவசரம். பட்டை ஒரு குழந்தையைத் தவறவிட்டால், ‘சோதித்தாயிற்று, குறையில்லை’ என்ற நம்பிக்கையில் வீட்டார் இருந்துவிடுவர். அது சோதியாமையினும் தீது. ஆகையாற் பட்டை வந்தவுடன் வடிதாளைக் கைவிடலாகாது. ஒரே குத்தலில் ஒரு துளி பட்டைக்கும், சில துளி தாளுக்கும் எடுத்து, இரண்டின் விடைகளையும் நெடுநாள் ஒப்பிட்டு, பட்டை ஒரு குழந்தையையும் தவறவிடவில்லை என்பது தெளிந்த பின்னரே அதனைத் தனியே நம்பவேண்டும். அதுவரை பட்டை தாளுக்குத் துணை, மாற்றன்று.

இம்முயற்சியை யார் செய்வது? ‘மேல்நாட்டுக் கம்பெனி செய்து அனுப்பும், நாம் வாங்கிக்கொள்வோம்’ என்று இருத்தல் தகாது. கம்பெனி தன் பொருளை வாங்க வல்லார்க்கே முதலிற் செய்யும். அஃது அதன் இயல்பு. வேர்வையில் கார்டிஸோல் என்னும் ஹார்மோனை அளந்து மனக்களைப்பைக் கூறும் அணிகலன் போன்ற கருவிகளுக்கு இன்று பெருநகரங்களில் ஆராய்ச்சி பெருகுகிறது. அதுவும் விஞ்ஞானமே, வேண்டாவென்று கூறோம். ஆயின், நலமுள்ளார் தம் நலத்தை நாள்தோறும் அளந்து மகிழ்வதற்கும், லயத்தில் உறங்கும் சிசுவின் அறிவைக் காப்பதற்கும் ஒரே கருவிநூல் உதவுமானால், எதனை முதலிற் செய்வது என்பதை வாணிகம் தானே முடிவு செய்ய விடலாமா? கல்லூரிகள் எதற்காக உள்ளன?

நம்மைச் சுற்றியுள்ள வாய்ப்புக்களை நோக்குமின். மின்வேதியியலுக்கென்றே அமைந்த மத்திய ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் உளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ஆம் நாள் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்முனைக்கு மூலமான கிராபைட் என்னும் காரீயக்கரி சிவகங்கைச் சீமையிலே வெட்டி எடுக்கப்படுகிறது. அச்சுத்தொழிலிற் பேர்பெற்ற சிவகாசி அண்மையிலே உளது. குழந்தைகளைப் பேணும் வைத்தியர்கள் கானாவிலக்கில் உளர். கரி, அச்சு, மின்வேதியியல், வைத்தியம் ஆகிய நான்கும் ஒரு பகற் பயண எல்லைக்குள் அமைந்த நிலம் எத்தனை உண்டு? இவற்றைக் கோத்துக் கட்டும் நூல்தான் இல்லை. அந்நூலாகும் தகுதி மதுரை, தேனிப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு உண்டு.

மாணவ நண்பர்களே, இதிற் பங்கு கொள்ள நீவிர் பேரறிஞராதல் வேண்டுமென்பதில்லை. இரசாயன மாணவர், கரிக்குழம்பை அச்சிட்டு உலர்த்திய நூறு மின்முனைகளும் ஒரேயளவு மின்னோட்டந் தருகின்றனவா என்று அளந்து பழகலாம். நூற்றில் நூறும் ஒத்திருப்பதே இத்தொழிலின் உயிர்நிலை. பௌதிக மாணவர், நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் சிறு கருவியைக் குறைந்த செலவில் அமைத்துப் பார்க்கலாம். பொருளாதாரம் பயில்வோர், பிள்ளைபெற்ற தாய் எந்நாள் எவ்வூருக்குச் செல்கிறாள், எத்தனை நாள் கழித்துத் தோட்டத்திற்கு மீள்கிறாள் என்பதை அவர்கள் இசைவோடு விசாரித்துக் கணக்கெடுக்கலாம். இக்கணக்கின்றி எந்தப் பட்டையும் உரிய இடத்திற் சேராது. குழந்தையின் உதிரத்தைத் தொடும் வேலை மட்டும் வைத்தியர்க்கும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்கும் உட்பட்டது. அதில் ஆர்வத்தால் வரம்பு கடத்தலாகாது.

அரசாங்கத்தார்க்கும் ஒரு சொல். விடை உடனே கிடைத்தும் மாத்திரை அங்கே இல்லையெனில், பட்டையினாற் பயன் யாது? சோதனை நடக்கும் இடத்திலேயே தைராக்ஸின் இருப்பும், குழந்தையின் எடைக்கேற்ப அளவு கூறும் வைத்தியரும், மூன்றாண்டேனும் தொடர்ந்து பின்பற்றும் பதிவேடும் இருத்தல் வேண்டும். பட்டை கதவைத் தட்டும். திறப்பதற்கு உள்ளே ஆள் வேண்டும்.

மேற்கே ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பென்னிகுயிக்கின் அணை 1895-இல் திறக்கப்பெற்றது. அவர் பெயரை இப்பள்ளத்தாக்கினர் தம் பிள்ளைகளுக்கு இட்டு வழங்குவது அணையின் உயரத்தை வியந்து அன்று. நீர் வயலுக்கு வந்து சேர்ந்தமையால். விஞ்ஞானமும் அத்தகையதே. அதன் ஊற்று எங்கே பிறப்பினும், கடைமடைக்கு எட்டிய பின்னரே அது பாசனம் எனப்படும். ஹார்மோனை அளக்கும் அறிவு பிறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. அது கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் அமர்ந்திருக்கும் தாயின் மடிக்கு, அவள் ஏறுமுன்னரே எட்டுமாறு செய்தல் நம் தலைமுறையின் கடன்.